கோமளா மாமியின் ஃபைலில் இருந்த வரி

எனக்குப் பேய், ஆவி, காற்று, கருப்பு எதிலும் துளி நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மேலப்புதூர் தெருவில் யாராவது வந்து அங்கே வெள்ளையாக நின்றது, இங்கே கொலுசுச் சத்தம் கேட்டது என்று ஆரம்பித்தால், போய் கண்ணைக் காட்டிவிட்டு வா என்று விரட்டுகிற ஆள் நான். சர்ச்சுக்குப் போவேன், ஜெபமாலை சொல்வேன், அதோடு சரி. அதிலும் கம்ப்யூட்டரில் பேய் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புகூட வராது, கோபம்தான் வரும். அது ஒரு மிஷின். உள்ளே இருப்பதைக் காட்டும், இல்லாததை இல்லை என்று சொல்லும். இப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் பரவாயில்லை, ஆனால் பாதியில் குறுக்கே பேசாதீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். பதினாறு படுக்கை, ஒரு ஆபரேஷன் தியேட்டர், வாசலில் ஒரு வேப்பமரம், அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு ரெக்கார்ட் ரூம். அந்த ரூம்தான் என் ராஜ்ஜியம். தினமும் காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தின் நெரிசலைத் திட்டிக்கொண்டே வந்து இறங்குவேன். வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கு என்ன வியாதி, என்ன ஆபரேஷன், என்ன மாத்திரை என்று ஒரு தாள் கொடுப்பார்களே, டிஸ்சார்ஜ் சம்மரி, அதை அடித்துக் கொடுப்பது என் வேலை.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர் கோமளா மாமி. கோயிலைச் சுற்றியே பிறந்து வளர்ந்தவர். மடிசார் இல்லை, சாதாரணப் புடவைதான், ஆனால் நெற்றியில் ஸ்ரீசூர்ணம் ஒருநாளும் தவறாது. கடைசி மூன்றரை வருஷம் நானும் மாமியும் அந்த ரூமில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தோம், வாய்ச்சண்டை போட்டோம், என் மீன் குழம்பு டப்பாவைத் திறந்தால் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவார். ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று அழுத மாதிரி என் சொந்த அத்தைக்குக்கூட நான் அழுததில்லை.

மாமியின் வேலையில் இரண்டு கோளாறு உண்டு. இந்தக் கதைக்கு இரண்டும் வேண்டும், அதனால் சொல்கிறேன்.

ஒன்று, அவர் ஃபைலுக்கு நோயாளியின் பெயரை வைக்கவே மாட்டார். அன்றைக்குக் கோயிலில் என்ன விசேஷமோ அதுதான் பெயர். பகல்பத்து நாலு, தெப்பம் இரண்டு, கோடைத் திருநாள் ஐந்து, இப்படி. வருஷம்கூடப் போடமாட்டார். விசேஷம் இல்லாத நாளா, நட்சத்திரத்தைப் போட்டுவிடுவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

"ஏன் மாமி, பேர வச்சா தேடுறதுக்கு லேசா இருக்கும்ல?"

"அசடே, ராஜேஸ்வரின்னு ஊர்ல ஆயிரம் பேர் இருப்பா. நம்பெருமாள் அன்னிக்கு எப்படி எழுந்தருளினார்னு எனக்கு மறக்காது, அன்னிக்கு ஆத்துக்குப் போன பேஷண்டும் மறக்காது. நோக்கு என்னடி தெரியும்?"

அவருக்கு மறக்காது, உண்மைதான். அவர் போய்விட்டாரே, எனக்கு யார் சொல்வது?

இரண்டாவது கோளாறு இன்னும் மோசம். புதிதாக ஒரு சம்மரி அடிக்க வேண்டுமென்றால் பழைய சம்மரி ஒன்றைத் திறந்து, அதன் மேலேயே பெயரையும் விவரத்தையும் மாற்றி அடித்து, வேறு பெயரில் சேமிப்பார். அவசரத்தில் பழைய ஆளின் வரி ஒன்றிரண்டு அப்படியே கிடந்துவிடும். ஒருமுறை அறுபத்தெட்டு வயதுத் தாத்தாவின் தாளில், குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்று போய்விட்டது. அந்தத் தாத்தா படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நர்சிங் ஹோமே ஒரு வாரம் சிரித்தது. இன்னொன்று, சில சமயம் வேறு பெயரில் சேமிக்க மறந்து பழையதின் மேலேயே சேமித்துவிடுவார், அதோடு பழைய ஆளின் சம்மரி காலி.

மாமி போன பிறகு சர்வீஸ்காரர் வந்து பழைய ஃபைல்களை எல்லாம் புது கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தார். மாற்றியதில் எல்லா ஃபைலுக்கும் ஒரே தேதி விழுந்துவிட்டது. ஏழாயிரத்துச் சொச்சம் ஃபைல், பெயரும் உதவாது, தேதியும் உதவாது. அந்த ஆள்தான், ஃபைல் பெயரில் தேடாமல் ஃபைலுக்கு உள்ளே இருக்கும் எழுத்துக்களில் எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுத்தார். மேலே ஒரு பெட்டி இருக்கும், அதில் வார்த்தையை அடித்தால் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்துக்கொண்டே போகும், ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்துபோகும். கால் மணி நேரம் ஆகும். ஆனால் இருந்தால் கண்டிப்பாகக் காட்டும்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி இருக்கும். ரிசப்ஷன் சித்ரா ஓடி வந்தாள்.

"ஃபிலோக்கா, லைன்ல ஒரு அம்மா, அழுதுக்கிட்டே இருக்காங்க, பழைய ரெக்கார்டாம், என்னால முடியல, நீங்க பேசுங்க."

எடுத்தேன். பெயர் நூர்ஜஹான், டவுன் பக்கம், பெரிய கடைவீதிக்குப் பின்னால் வீடு. மகள் ஷமீமாவுக்கு இருபது வயது, தலைப்பிரசவம், ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். ரத்தத்தில் ஏதோ குறைவாக இருப்பதால் முதுகில் ஊசி போட முடியாது, முழு மயக்கம்தான்.

"எம் புள்ளைக்கு ஒம்பது வயசுல ஒங்க ஆஸ்பத்திரிலதான் குடல்வால் ஆபரேஷன் பண்ணுனோம். கைராசி டாக்டர்னு டவுன்லேர்ந்து அங்க தூக்கிட்டு வந்தோம். மயக்க ஊசி போட்டதும் புள்ள மூச்சே விடலம்மா. ஆறு மணி நேரம் குழாய் வச்சு காப்பாத்துனாங்க. இந்த மருந்து இவளுக்கு ஆகாதுன்னு எழுதிக் குடுத்தாங்க. அந்தத் தாளைத் தொலைச்சிட்டேன் பாவி. அல்லாவுக்காகப் பாத்து சொல்லுங்கம்மா."

போனை அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் மயக்க டாக்டரே வாங்கினார். பதற்றமே இல்லாத குரல், அதுதான் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"மேடம், ரெண்டு மருந்துல ஒண்ணுதான் நான் போட்டாகணும். எது ஆகாதுன்னு தெரிஞ்சா இன்னொண்ணைப் போடுவேன். தப்பா போட்டா பேஷண்ட் தாங்குவாங்களான்னு தெரியல. அரை மணி நேரம் வெயிட் பண்றேன், அதுக்கு மேல குழந்தைக்கு ஆகாது."

அரை மணி நேரம். அந்தக் குடல்வால் ஆபரேஷன் செய்த எங்கள் பெரிய டாக்டர் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கிறார், அங்கே நடு ராத்திரி, போன் அணைத்து வைத்திருந்தார். அன்று மயக்கம் கொடுத்தவர் யாரோ வெளியிலிருந்து வந்து போனவர். கைப்பட எழுதிய கேஸ் ஷீட்டெல்லாம் கரையான் பிடித்து எப்போதோ எரித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது மாமியின் ஏழாயிரம் ஃபைல்.

எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் திறந்த புதுசு, நோன்பு மாசம், அதற்கு மேல் நூர்ஜஹானுக்கு ஞாபகம் இல்லை. அவர் நோன்பை வைத்துச் சொல்கிறார், மாமி உற்சவத்தை வைத்துப் பெயர் போட்டிருக்கிறார், நடுவில் நான் இரண்டும் தெரியாத வேதக்காரி. என்னத்தைச் செய்ய?

மகளின் பெயரை இங்கிலீஷில் அடித்துத் தேடவிட்டேன். பச்சைக் கோடு ஊர்ந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக எதுவும் நகர்ந்து பார்த்ததில்லை. சித்ரா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல் நகம் என் தோளில் பதிந்தது, நான் விலக்கவும் இல்லை. பன்னிரண்டு நிமிஷம் கழித்துக் கோடு முடிவுக்கு வந்தது. ஒன்றும் இல்லை. ஒரு ஃபைல்கூட இல்லை.

அந்தப் பிள்ளையின் சம்மரி மேலேயே வேறு யாருடையதையோ அடித்துச் சேமித்திருக்கிறார் மாமி. எனக்கு வந்த கோபத்துக்கு, இறந்தவர் என்றுகூடப் பார்க்காமல், "அடப்பாவி மாமி, இப்படிப் பண்ணிட்டுப் போயிட்டீங்களே" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். சித்ரா சாட்சி.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. சம்மரி இங்கிலீஷில் இருந்தாலும், வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை மாமி அடியில் தமிழில் அடிப்பார், சனங்களுக்குப் புரிய வேண்டும் என்று. ஷமீமா என்று தமிழில் அடித்தேன். மறுபடி பச்சைக் கோடு. போனில் டாக்டர் ஒருமுறை கேட்டுவிட்டார். சித்ராதான், "தேடுறாங்க சார், ரெண்டே நிமிஷம் சார்" என்று சமாளித்துக்கொண்டிருந்தாள். நான் மாதாவை வேண்டினேன். மாமியின் பெருமாளையும் வேண்டினேன், பொய் சொல்லமாட்டேன்.

கோடு பாதிகூடத் தாண்டவில்லை. ஒரே ஒரு ஃபைல் வந்து நின்றது. பெயர் ஜேஷ்டாபிஷேகம் மூன்று. ஆனி மாதம் பெருமாளுக்கு நடக்கிற அபிஷேகம் அது, பள்ளிக்கூடம் திறந்த புதுசுதான். திறந்தேன். மேலே பெயர் ராஜகோபாலன், அறுபத்து மூன்று வயது, குடலிறக்க ஆபரேஷன். மனசு விழுந்துவிட்டது. கீழே தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் தமிழ்ப் பகுதி, கனம் தூக்க வேண்டாம், புகை பிடிக்க வேண்டாம், அதற்கெல்லாம் அடியில் ஒரு வரி தனியாகக் கிடந்தது. மாமியின் வழக்கமான மிச்சம்.

கையில் கிடைத்த டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் அந்த வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதிக்கொண்டேன். ஒரு எழுத்து தப்பினால் உயிர் போகுமே என்று, பார்த்துப் பார்த்து எழுதினேன். மருந்தின் பெயரைச் சித்ராவும் திரையில் பார்த்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். பெயரை உங்களுக்குச் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்று ராத்திரியே தேடிப் படித்துவிட்டு உங்களுக்கே மூச்சு முட்டுகிறது என்பீர்கள். போனில் டாக்டரிடம் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்.

"குட். அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிருங்க, ரெக்கார்டுக்கு வேணும். நான் உள்ள போறேன்."

போன் வைத்தாகிவிட்டது. செல்போனை எடுத்துக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினேன்.

அந்த வரி இல்லை.

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். தள்ளிப் பார்த்தேன், மேலே, கீழே, நாலு தடவை. கனம் தூக்க வேண்டாம் இருக்கிறது, புகை பிடிக்க வேண்டாம் இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. கைதவறி அழித்துவிட்டேனா என்று, அழித்ததைத் திருப்பிக் கொண்டுவரும் பட்டனை அழுத்தினேன். திருப்பிக் கொண்டுவர ஒன்றும் இல்லை என்றது. மூடிவிட்டுத் திறந்தேன். இல்லை. ஷமீமா என்று தமிழில் அடித்து மறுபடி தேடவிட்டேன். பச்சைக் கோடு முழுசாக ஓடி முடிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போது வந்த பயம் இருக்கிறதே, அது பேய் பயம் இல்லை. நானே இல்லாததைப் படித்துவிட்டேனோ, பதற்றத்தில் எங்கேயோ பார்த்த மருந்துப் பெயரை வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேனோ என்ற பயம். சித்ராவும் பார்த்தாள்தான், ஆனால் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் வாசித்தாளோ? மருந்து மாறிப்போயிருந்தால் ஒரு தாயும் பிள்ளையும் என் வாயால் போய்விடும். அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், டாக்டர் தியேட்டருக்குள் போய்விட்டார் என்றார்கள். நூர்ஜஹானுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை, வேப்பமரத்தடியில் போய் நின்றேன், அங்கேயும் நிற்க முடியவில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சித்ரா டீ வாங்கிக் கொடுத்தாள், அது ஆறி ஆடை கட்டியது.

மூன்றேகால் மணிக்கு நூர்ஜஹான் கூப்பிட்டார். எடுத்ததும் அழுகைதான் கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆம்பளப் புள்ளம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. டாக்டரு உங்களைத்தான் சொல்றாரு. ஒங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்மா."

நானும் அழுதேன், சித்ராவும் அழுதாள். பிறகு ரத்தம் எடுத்துச் சோதித்ததில், நான் சொன்ன அந்த மருந்துதான் ஷமீமாவின் உடம்புக்கு ஆகாது என்று உறுதியாகிவிட்டது. ஆக, நான் படித்தது சரி. அந்த வரி அங்கே இருந்திருக்கிறது. ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு, திரையில் வந்த வரி மறைந்துபோயிருக்கிறது என்று சர்வீஸ்காரர் சொன்னார். எனக்கும் அது போதுமாக இருந்தது. மேலே கிளறாமல் விட்டுவிட்டேன். டோக்கன் சீட்டை மேஜை டிராயரில் போட்டேன், மறந்தும் போனேன்.

நாற்பது நாள் கழித்து ஒரு பையன், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும், கையில் பேரீச்சம்பழப் பெட்டியோடு என் ரூம் வாசலில் வந்து நின்றான்.

"ஃபிலோமினா மேடம் நீங்கதானே? நான் ஷமீமா வீட்டுக்காரருங்க. ரியாஸ். சார்ஜாலேர்ந்து அன்னிக்கு வந்து சேர முடியல. உங்களைப் பாக்காம திரும்பப் போகக்கூடாதுன்னு வந்தேன்."

உட்காரச் சொன்னேன், குழந்தை போட்டோ காட்டினான், கொழுக்கொழுவென்று இருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது அந்தப் பெயர் என்னை என்னமோ செய்தது. ரியாஸ். இதை எங்கேயோ எழுதியிருக்கிறேனே? நூர்ஜஹான் போனில் மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த அவசரத்தில் யார் கேட்டது, யார் சொன்னது? டிராயரை இழுத்துச் சீட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து, நீல மை, எழுத்துக்கு எழுத்து, மருந்தின் பெயரை மட்டும் உங்களுக்கு மறைத்துச் சொல்கிறேன்.

ஷமீமா, க/பெ ரியாஸ். இவருக்கு மயக்கம் கொடுக்கும்போது இந்த மருந்து ஆகவே ஆகாது. எங்கே ஆபரேஷன் என்றாலும் முதலில் இதைச் சொல்லவும்.

க/பெ. கணவர் பெயர். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அடித்த தாளில்.

சீட்டைக் கையில் பிடித்தபடியே கேட்டேன். "தம்பி, உங்களுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?"

"போன வருஷம் பெருநாள் கழிச்சுங்க. பொண்ணு பாத்ததே அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான். ஏங்க?"

ஒன்றுமில்லை என்றேன். அவன் பெண் பார்த்தபோதே மாமி இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சித்ராவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவள் மருந்தின் பெயரை மட்டும்தான் பார்த்தாளாம், வரியின் ஆரம்பத்தைப் பார்க்கவில்லையாம். நீங்களும் இப்போது, யாராவது சொல்லிக் காதில் விழுந்திருக்கும் என்பீர்கள். சர்வீஸ்காரரும் அதைத்தான் சொன்னார், என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். மாதா சத்தியமாகச் சொல்கிறேன், விழவில்லை. நான் திரையைப் பார்த்து எழுதினேன்.

சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாமியின் ஃபைலையெல்லாம் அழித்துவிடலாம் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள், நான்தான் சண்டை போட்டு நிறுத்தினேன். தினமும் யார் யாருக்கோ, எது எதற்கோ தேடிக் கொடுக்கிறேன், ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. இருப்பதைக் காட்டுகிறது, இல்லாததை இல்லை என்கிறது.

என் மகள் ஜெனிக்குப் பன்னிரண்டு வயதில் டான்சில் ஆபரேஷன் இதே நர்சிங் ஹோமில்தான் நடந்தது. சம்மரி அடித்துக் கொடுத்தவர் கோமளா மாமிதான். இப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒன்றும் அமையவில்லை. மதியம் ரூமில் யாரும் இல்லாதபோது அந்தத் தேடும் பெட்டியில் அவள் பெயரின் முதல் எழுத்தை அடிப்பேன். இரண்டாவது எழுத்தையும் அடிப்பேன். க/பெ என்று மாப்பிள்ளை பெயர் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெயருக்குப் பிறகும் அந்த வரி நீண்டுகொண்டே போகும் இல்லையா, அதில் என்ன இருக்கும் என்று நினைத்ததும் அழித்துவிடுவேன். நேற்றும் அழித்தேன்.